கைப்பிடிச்சுவரும் கவனக்குறைவும்

முன்னுரை

பெரும் விபத்தொன்று நிகழ்ந்த மறுநாள் நாளிதழ்களில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறுகின்றன. ஒன்று, மாண்டோரின் எண்ணிக்கை. மற்றொன்று, கைது செய்யப்பட்டவர் பற்றிய குறிப்பு. அவர் பெரும்பாலும் ஓட்டுநராகவோ, கேட் கீப்பராகவோ, மின்பணியாளராகவோ, சமையற்பணியாளராகவோ இருப்பார். இவ்விரு செய்திகளையும் படித்தபின் பொதுமக்கள் மனம் ஒருவாறு அடங்கிவிடுகிறது. 'யாரோ ஒருவர் கவனக்குறைவாக இருந்தார். அதனால் இது நேர்ந்தது' என்ற விளக்கம் போதுமானதாகக் கருதப்படுகிறது. திருச்சபையின் அடக்க ஆராதனைகளிலோ வேறொரு விளக்கம் தரப்படுகிறது: 'இது ஆண்டவருடைய சித்தம்.'

முன்னது மனிதனையும் பின்னது கடவுளையும் காரணமாகக் காட்டுவதால், இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். ஆயினும் நடைமுறையில் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. மேற்கொண்டு எழவேண்டிய வினாக்களை இரண்டும் அடைத்துவிடுகின்றன. அந்தப் படிக்கட்டு ஏன் அவ்வளவு குறுகலாக இருந்தது? அந்தக் கதவு ஏன் உட்புறமாகத் திறந்தது? ஒரு மனிதன் ஒரு நிமிடம் அயர்ந்தால் நூறு பேர் சாகும்படியான ஏற்பாட்டைச் செய்தவர் யார்? இவ்வினாக்களைக் கேட்பது நம்பிக்கையின்மையாகுமா? குற்றம் செய்த தனிமனிதனைத் தப்பவிடுவதாகுமா? இவற்றைத் திருமறையின் ஒளியிலும், நன்கு ஆராயப்பட்ட சில விபத்துகளின் துணைகொண்டும் இக்கட்டுரையில் எண்ணிப்பார்ப்போம்.

1. இஸ்ரயேலின் கட்டடச் சட்டம்

உபாகமம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனம் நம் பிரசங்கங்களில் மிக அரிதாகவே இடம்பெறுகிறது. புதிதாக வீடு கட்டுகிறவன் அதன் மெத்தைக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்றும், அவ்வாறு செய்யாமல் எவனாவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்றும் அது கூறுகின்றது. பாலஸ்தீன நாட்டு வீடுகளின் தட்டையான கூரை வெறும் கூரையாக இருக்கவில்லை. ஆளிவிதைத் தட்டைகளை உலர்த்தவும், மாலையில் காற்று வாங்கவும், விருந்தினரைத் தங்கவைக்கவும், தனித்து ஜெபிக்கவும் அது பயன்பட்டது. யோசுவா 2, 1 சாமுவேல் 9, அப்போஸ்தலர் 10 ஆகிய பகுதிகளில் இதனைக் காண்கிறோம். மக்கள் நாள்தோறும் நடமாடும் இடமாகையால் அங்கே விழும் வாய்ப்பும் நாள்தோறும் இருந்தது.

இச்சட்டத்தில் மூன்று செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, விழுகிறவன் எத்தகையவன் என்று சட்டம் விசாரிக்கவில்லை. அவன் குடித்திருந்தானா, ஓடி விளையாடிய சிறுவனா, தூக்கக் கலக்கத்தில் நடந்தவனா என்பது பற்றிச் சொல்லேதும் இல்லை. மனிதர் விழக்கூடியவர்கள் என்பதையே அது அடிப்படையாகக் கொள்கின்றது. இரண்டாவது, கடமை விபத்துக்கு முன்னரே தொடங்குகின்றது. ஒருவரும் விழாத வீட்டிலும் கைப்பிடிச்சுவர் இல்லையெனில் கட்டளை மீறப்பட்டாயிற்று. மூன்றாவது, இக்கட்டளை 'நீ' என்று ஒருமையில் வீடு கட்டுகிறவனை விளித்து உரைக்கப்படுகின்றது. இந்த மூன்றாவது செய்தியின் முதன்மையைப் பின்னர்க் காண்போம்.

இச்சட்டம் தனித்து நிற்கவில்லை. குழியை வெட்டி அல்லது திறந்து அதனை மூடாமல் விட்டவன், அதில் விழுந்து செத்த மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடு செய்யவேண்டும் என்று யாத்திராகமம் 21:33, 34 கூறுகின்றது. மாடு ஏன் பார்த்து நடக்கவில்லை என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அதே அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டமும் உள்ளது. மாடு முதன்முறையாக ஒருவனை முட்டிக் கொன்றால் அதன் சொந்தக்காரன் குற்றமற்றவன். அது முன்னமே முட்டுகிற மாடு என்று தெரிந்து, எச்சரிக்கப்பட்டும், அவன் அதனைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால் பொறுப்பு அவனையே சாரும் (21:28, 29). முன்னெச்சரிக்கை பெற்றவனுடைய பொறுப்பு பன்மடங்காகிறது என்னும் இந்த நீதிநெறி, இன்றைய விபத்து விசாரணைகள் அனைத்திலும் மையமான இடம் பெறுகின்றது.

2. ஓர் ஓய்வுநாள் பள்ளியின் சுற்றுலா

1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்திலுள்ள அர்மா நகரிலிருந்து மெதடிஸ்ட் ஓய்வுநாள் பள்ளி மாணவரும் பெற்றோரும் கடற்கரை ஊரான வாரன்பாயின்ட்டுக்கு ஒரு தனி ரயிலில் புறப்பட்டனர். 900க்கும் மேற்பட்டோர் அதில் இருந்தனர். செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கமாட்டாமல் ரயில் நின்றுவிட்டது. பொறுப்பிலிருந்தவர்கள் ரயிலை இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை முதலில் கொண்டுசெல்ல முடிவு செய்தனர். பிரிக்கப்பட்ட பிற்பகுதியைப் பிடித்துவைக்கக் கடைசி வண்டியிலிருந்த கைப்பிரேக்கும், சக்கரங்களின் அடியில் வைத்த கற்களுமே இருந்தன. முற்பகுதி புறப்படும்போது சற்றுப் பின்னோக்கி அசைந்து இடித்தது, கற்கள் நொறுங்கின, பத்துப் பெட்டிகள் சரிவில் உருண்டோடி, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு ரயிலின்மேல் மோதின. 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் பிள்ளைகள்.

இங்கே மனிதத் தவறு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஏற்றத்தில் ரயிலைப் பிரித்தது தவறான முடிவு. ஆனால் அந்த ரயிலின் பிரேக் அமைப்பைச் சற்று விளங்கிக்கொள்வது நன்று. வண்டிகள் அனைத்தையும் இணைக்கும் ஒரு குழாயில் எஞ்சின் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும்போது பிரேக் பிடிக்கும். குழாயைக் கழற்றினால் வெற்றிடம் போய்ப் பிரேக் விட்டுவிடும். இது எளிய வகை. மற்றொரு வகையும் அக்காலத்திலேயே இருந்தது. அதில் குழாயில் வெற்றிடம் அல்லது காற்றழுத்தம் நிலைத்திருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் கழன்றாலோ அறுந்தாலோ எல்லா வண்டிகளிலும் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். முதல் வகையில் தவறு நேர்ந்தால் ஆபத்து பிறக்கிறது. இரண்டாம் வகையில் தவறு நேர்ந்தால் வண்டி நிற்கிறது. இந்த இரண்டாம் வகையைப் பொருத்துமாறு அரசின் ரயில்வே ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக வற்புறுத்தி வந்தனர். செலவைக் காரணங்காட்டிப் பல கம்பெனிகள் காலந்தாழ்த்தின.

விபத்து நிகழ்ந்து மூன்று மாதங்களுக்குள் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமியற்றியது. பயணிகள் ரயில்களில் தானியங்கும் தொடர் பிரேக் கட்டாயமாயிற்று; ஒரு ரயில் ஒரு பகுதியைக் கடந்துவிட்டது எனத் தெரியுமுன் மற்றொன்றை அதனுள் விடலாகாது என்ற முறையும் கட்டாயமாயிற்று. ரயில்வே ஊழியர்கள் அதற்குப்பின் திடீரென அறிவாளிகளாகவோ புனிதர்களாகவோ மாறிவிடவில்லை. அவர்கள் செய்யக்கூடிய ஒரு தவறு, சாவில் முடியாதபடி தடுக்கப்பட்டது.

3. உறங்கிய பணியாளன்

1987ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மாலை, பெல்ஜியம் நாட்டின் ஜீப்ரூக் துறைமுகத்திலிருந்து 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்னும் பயணிகள் கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. கார்களும் லாரிகளும் நேரே ஏறி இறங்கத்தக்கதாக அதன் முன்முகப்பில் பெரிய கதவுகள் இருந்தன. அக்கதவுகள் மூடப்படாமலே கப்பல் கடலுக்குள் சென்றது. வேகம் கூடியதும் நீர் வாகனத் தளத்தில் புகுந்தது. தடுப்புச் சுவர்களற்ற அகன்ற தளமாகையால் நீர் ஒருபக்கமாகத் திரண்டு பாய, ஏறத்தாழ 90 விநாடிகளில் கப்பல் சாய்ந்துவிட்டது. 193 பேர் உயிரிழந்தனர்.

காரணம் யார்? கதவை மூடவேண்டிய துணைப் பணியாளர் தம் அறையில் உறங்கிக்கொண்டிருந்தார். இந்த விடை உண்மையானது, ஆனால் முழுமையானதன்று. நீதிபதி ஷீன் தலைமையில் நடைபெற்ற விசாரணை, வினாக்களை அங்கே நிறுத்தவில்லை. கதவு மூடப்பட்டதை உறுதிசெய்ய வேண்டிய முதல் அதிகாரி, அதே நேரத்தில் மேல்தளத்திலும் இருக்கவேண்டும் என்று கம்பெனியின் மற்றொரு கட்டளை கூறிற்று. தளத்தைவிட்டுக் கடைசியாகச் சென்ற மேற்பணியாளர் கதவு திறந்திருந்ததைக் கண்டும், அதனை மூடுவது தம் வேலையன்று எனக் கருதினார். கப்பல் தலைவருக்குத் தம் இடத்திலிருந்து கதவைக் காண இயலாது. குறை ஏதும் அறிவிக்கப்படாவிட்டால் எல்லாம் சரியாக உள்ளது எனக் கொள்வதே அவருக்குரிய முறையாக இருந்தது. உறங்குகிறவன் வந்து 'நான் உறங்குகிறேன்' என்று எவ்வாறு அறிவிப்பான்?

இதைவிட வருந்தத்தக்கது பின்வருவது. 1983ஆம் ஆண்டிலேயே அதே கம்பெனியின் மற்றொரு கப்பல், அதே காரணத்தால், கதவு திறந்த நிலையில் புறப்பட்டிருந்தது; அன்று உயிர்ச்சேதம் இல்லை. கதவு மூடியுள்ளதா திறந்துள்ளதா என்று காட்டும் ஒரு விளக்கைக் கப்பல் தலைவரின் இடத்தில் பொருத்தவேண்டும் எனத் தலைவர்கள் சிலர் எழுத்துமூலம் கேட்டனர். கரையிலிருந்த நிர்வாகிகள் அதனைக் கேலியாகத் தள்ளிவிட்டனர். விபத்து நேர்ந்த சில நாட்களிலேயே அக்கம்பெனியின் எஞ்சிய கப்பல்களில் அந்த விளக்குகள் பொருத்தப்பட்டன. முட்டுகிற மாடு என்று அறிந்தும் கட்டிவைக்காதவனைப் பற்றிய யாத்திராகமச் சட்டம் இங்கே நம் நினைவுக்கு வராதிருக்க முடியுமா?

விசாரணை அந்தப் பணியாளரையும் அதிகாரியையும் தலைவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கவில்லை. அவர்களுடைய தவறுகளைப் பெயர் சொல்லிக் கூறியது. கூடவே, குறை மேல்மட்டம்வரை பரவியிருந்தது என்றும் கூறியது. பின்னர்க் கம்பெனிமீதும் அதிகாரிகள் சிலர்மீதும் தொடரப்பட்ட வழக்கு 1990இல் தோல்வியுற்றது. பல ஆயிரம் பேரைக் கொண்ட ஒரு நிறுவனத்தில் 'இவரே குற்றவாளி' என்று ஒரு மேலதிகாரியைச் சுட்டிக்காட்டச் சட்டத்தால் இயலவில்லை. இக்குறையை நீக்கும் முயற்சியாக 2007இல் அந்நாட்டில் நிறுவனங்களைச் சாவுக்குப் பொறுப்பாக்கும் தனிச்சட்டம் வந்தது.

4. நம் வீட்டு முற்றத்தில்

தொலைநாட்டு நிகழ்ச்சிகளைப் பேசி நம் நாட்டை மறந்துவிடலாகாது. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் மாண்டனர். மதிய உணவு சமைக்கும் இடத்துக் கீற்றுக் கூரையில் பற்றிய நெருப்பு, மாடி வகுப்பறைகளின் மேலிருந்த கீற்றுக்குத் தாவியது. ஏறி இறங்கும் படிக்கட்டு குறுகலானது. அடுப்படியில் பொறி பறப்பது எந்தச் சமையற்கூடத்திலும் நிகழக்கூடியது; அந்தப் பொறிக்கும் குழந்தைகளுக்கும் இடையே காய்ந்த கீற்றைத் தவிர வேறொன்றும் இல்லாமற்போனதே கொடுமை. 2014இல் விசாரணை நீதிமன்றம் 10 பேரைத் தண்டித்து 11 பேரை விடுதலை செய்தது. தண்டிக்கப்பட்டோருள் பள்ளியின் நிறுவனரும் இருந்தார். சத்துணவுப் பணியாளரும் இருந்தார். பின்னர் மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் அவர்களுள் பலரை விடுவித்தது. இந்தத் தீவிபத்தின் விளைவாகத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் 2009இல் உச்சநீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் பயிலுவதும் கல்வி உரிமையின் ஒரு பகுதியே எனத் தீர்ப்பளித்து, தீப்பாதுகாப்பு ஏற்பாடுகளை எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கியது.

ரயில்வே லெவல் கிராசிங் நம் பொருளுக்கு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆளில்லாத கிராசிங்கைக் கடக்கும் வாகன ஓட்டுநர், வண்டியை நிறுத்தி, உதவியாளரையோ அவர் இல்லாவிடில் தாமே இறங்கியோ, இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்தபின்பே செல்லவேண்டும் என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கூறுகின்றது. சட்டம் சரியானதே. ஆனால் நூறுமுறை இறங்கிப் பார்த்து ரயிலைக் காணாத ஓட்டுநர், நூற்றோராவது முறை இறங்குவதில்லை. 1979இல் கேரளத்தில் அத்தகைய கிராசிங் ஒன்றில் வாகனத்தின்மேல் ரயில் மோதி ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். அவ்வழக்கில் 1997இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், போக்குவரத்து மிகுந்த அவ்விடத்தில் கேட் அமைத்து ஆள் நியமிக்காமல் விட்டது ரயில்வேயின் கவனக்குறைவு என்றது. 'கவனக்குறைவு' என்னும் சொல் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அலுவலக மேசைக்கு ஏறியதை இங்கே காண்கிறோம்.

2018 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் ஆளில்லாக் கிராசிங்கில் பள்ளி வாகனம் மோதுண்டு 13 குழந்தைகள் மாண்டனர். ஓட்டுநர் காதில் இயர்போன் வைத்திருந்தார் என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. அதன்பின் பணி முடுக்கிவிடப்பட்டு, 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப் பாதைகளிலிருந்த ஆளில்லாக் கிராசிங்குகள் அனைத்தும் நீக்கப்பட்டன. 2014-15இல் இத்தகைய கிராசிங்குகளில் 50 விபத்துகள் நேர்ந்தன. 2019-20இல் ஒன்றும் இல்லை. ஓட்டுநர்களின் காதுகளிலிருந்து இயர்போன் போய்விட்டதா? இல்லை. அவர்கள் தவறு செய்யத்தக்க இடம் போய்விட்டது.

எனினும் பணி முடிந்தபாடில்லை. 2025 ஜூலை 8ஆம் நாள் கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், ஆள் உள்ள கேட் ஒன்றிலேயே பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். அந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் வசதி இல்லை. இன்டர்லாக்கிங் என்பது கேட்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பூட்டிவைக்கும் அமைப்பு. கேட் மூடிப் பூட்டப்பட்டாலன்றி ரயிலுக்குச் சிக்னல் விழாது. அது இருக்கும் இடத்தில் கேட் கீப்பர் மறந்தால் ரயில் வெளியே நிற்கும். அது இல்லாத இடத்தில் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் இரு மனிதரின் நினைவாற்றலே கைப்பிடிச்சுவர். அவ்விபத்துக்குப்பின் இன்டர்லாக்கிங் பணியை விரிவாக்க ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது. அர்மாவில் 80 பேருக்குப்பின் வந்த ஞானம், இங்கே மூன்று பிள்ளைகளுக்குப்பின் வந்தது.

5. தவறும் பாவமும்

இவ்விடத்தில் ஓர் இறையியல் வேறுபாட்டைத் தெளிவாக்குதல் இன்றியமையாதது. மனிதன் பாவி என்பது நம் அறிக்கை. மனிதன் படைக்கப்பட்டவன், எல்லைக்குட்பட்டவன் என்பதும் நம் அறிக்கையே. முதலாவதை ஓயாமல் போதிக்கும் நாம் இரண்டாவதை மறந்துவிடுகிறோம். மறத்தல், களைத்தல், உறங்குதல், ஒரே செயலை ஆயிரமுறை செய்து சலித்தல் ஆகியவை தம்மளவில் பாவங்கள் அல்ல. மண்ணால் உருவானவனின் இயல்புகள். உறங்காமையும் அயராமையும் இஸ்ரயேலைக் காக்கிறவருக்கே உரியவை எனச் சங்கீதம் 121 பாடுகின்றது. அப்படியானால், ஒரு பணியாளன் ஒருபோதும் உறங்கமாட்டான் என்ற அடிப்படையில் அமைக்கப்பட்ட ஏற்பாடு எதனைக் கேட்கிறது? கடவுளுக்குரிய பண்பை மாதச் சம்பளத்துக்கு மனிதனிடம் கேட்கிறது. அது கிடைக்காதபோது அவனைச் சிறைக்கு அனுப்புகிறது.

1931இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமொன்றின் அலுவலரான ஹெய்ன்ரிக் என்பவர், தொழிற்சாலை விபத்துகளில் 100க்கு 88 தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களால் நேர்பவை என எழுதினார். இவ்வெண் உலகமெங்கும் பல்லாண்டுகள் மேற்கோளாக வழங்கியது. அவர் ஆய்ந்த அறிக்கைகளுள் பெரும்பகுதி மேற்பார்வையாளர்கள் எழுதியவை. மேற்பார்வையாளன் காரணத்தைத் தேடும்போது கண் கீழ்நோக்கியே செல்லும் என்பதில் வியப்பில்லை. கடைசியாக இயந்திரத்தைத் தொட்ட கை எப்போதும் ஒரு தொழிலாளியின் கையாகவே இருக்கும். எந்த இடத்தில் வினாவை நிறுத்துகிறோமோ அந்த இடத்தில் குற்றவாளி அகப்படுகிறான்.

6. இருவகை மறுப்புகள்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். 'பாதுகாப்பு மிகுந்தால் மனிதர் மேலும் அலட்சியமாவர்' என்பது முதலாவது. 1975இல் பெல்ட்ஸ்மன் என்னும் பொருளியலறிஞர், சீட் பெல்ட் முதலிய ஏற்பாடுகள் ஓட்டுநரைத் துணிகரமாக ஓட்டத் தூண்டி, கிடைக்கும் பயனை அழித்துவிடுகின்றன என்று வாதிட்டார். இதில் ஓரளவு உண்மை உண்டு. பாதுகாப்பாக உணர்கிறவன் சற்று விரைவாகச் செல்லக்கூடும். ஆனால் பிற்கால ஆய்வுகள் பெரும்பாலும், சீட் பெல்ட் உயிர்களைக் காத்தது என்றே காட்டின. 1997இல் ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம், சாலையில் ஒருவரும் சாகலாகாது என்பதைக் குறிக்கோளாகக் கொண்டு, சாலை அமைப்போரையும் பொறுப்பாளிகளாக்கியது. எதிரெதிர் வாகனங்களுக்கிடையே கம்பிவடத் தடுப்புகள் கட்டப்பட்டன. குறுக்குச் சாலைகள் ரவுண்டானாக்களாயின. அவ்வாண்டு அங்கே சாலையில் மாண்டோர் 541, 2020இல் 204. நம் நாட்டில் 2022இல் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவற்றுள் 10இல் ஏறத்தாழ 7 சாவுகளுக்கு மிகைவேகமே காரணம் என அரசறிக்கை குறிக்கின்றது. அவ்வேகம் ஓட்டுநருடையதே. ஆனால் ஊரை இரண்டாகப் பிளந்துசெல்லும் நான்குவழிச் சாலையில் பள்ளிப் பிள்ளைகள் கடக்க வழி வைக்காதது ஓட்டுநரன்று.

இரண்டாவது மறுப்பு இறையியலாளருக்கு இன்னும் நெருக்கமானது. 'எல்லாவற்றுக்கும் அமைப்பையே குறைகூறினால் மனந்திரும்புதலுக்கு இடமேது? அமைப்பு மனந்திரும்புமா?' என்பது அது. இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிடலாகாது. குடித்துவிட்டு வண்டியோட்டுகிறவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே. கைப்பிடிச்சுவரின்மேல் ஏறிக் குதிக்கிறவனுக்காக வீட்டுக்காரன்மேல் இரத்தப்பழி வராது. அறிந்தே கொலைசெய்பவனையும், கோடரி காம்பைவிட்டுக் கழன்று விழுந்ததால் கொன்றவனையும் உபாகமம் 19ஆம் அதிகாரம் பிரித்துக் காட்டுகின்றது. பின்னவனுக்கு அடைக்கலப் பட்டணம் உண்டு, முன்னவனுக்கு இல்லை. நீதி இவ்வேறுபாட்டைக் கைவிடலாகாது.

முன்னே நாம் குறிப்பிட்ட மூன்றாவது செய்தி இங்கேதான் நமக்கு உதவுகிறது. கைப்பிடிச்சுவர்க் கட்டளை 'நீ' என்று ஒரு மனிதனை நோக்கிச் சொல்லப்பட்டது. அமைப்பு என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. வரைபடத்தில் கையொப்பமிட்டவர் ஒருவர். செலவைக் குறைக்கச் சொன்னவர் ஒருவர். விளக்கு கேட்ட கடிதத்தை ஒதுக்கிவைத்தவர் ஒருவர். பார்வையிடாமலே சான்றிதழ் தந்தவர் ஒருவர். இவர்கள் எல்லாரும் தனிமனிதர்களே. ஆகவே தனிமனிதப் பொறுப்பா, பாதுகாப்பான அமைப்பா என்று இரண்டை எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாது. பாதுகாப்பான அமைப்பு என்பது அதிகாரமும் பணமும் அறிவும் உடையவரின் தனிமனிதப் பொறுப்பு. கீழே இருப்பவரின் பொறுப்பை மட்டும் 'தனிமனிதப் பொறுப்பு' என அழைத்து, மேலே இருப்பவரின் பொறுப்பை 'அமைப்பு' என்ற பெயரில் மறைப்பதே நாம் கண்டிக்கவேண்டிய அநீதி.

7. சீலோவாம் கோபுரம்

சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைப் பற்றி நம் ஆண்டவர் பேசியது லூக்கா 13ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவர்கள் எருசலேமின் மற்றெல்லாரையும்விடக் கொடிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்துவிட்டார். மாண்டவர்மேல் குற்றஞ்சுமத்தும் பழக்கத்தைத் தடுத்தபின், உயிரோடிருப்போரை நோக்கி மனந்திரும்ப அழைத்தார். இப்பகுதி கட்டடப் பாதுகாப்பைப் பற்றியது என்று நாம் வாதிடவில்லை. அதன் நேர்ப்பொருள் வரவிருக்கும் நியாயத்தீர்ப்பைப் பற்றியது. ஆயினும் அது காட்டும் திசை தெளிவானது. விபத்தின்பின் எழவேண்டிய வினா, 'அவர்கள் என்ன செய்தார்கள்?' என்பதோடு முடியலாகாது. 'நாம் என்ன செய்யவேண்டும்?' என்று நம்மிடம் திரும்பவேண்டும். இன்னும் விழாத கோபுரங்கள் நம் நடுவே நிற்கின்றன.

இதனால் அடக்க ஆராதனையில் போதகர் உரைக்கும் சொற்கள் எளிய காரியமல்ல என்பது விளங்கும். கைப்பிடிச்சுவர் இல்லாத மாடியிலிருந்து விழுந்த பிள்ளையின் பெட்டியருகே நின்று, 'இது ஆண்டவரின் சித்தம்' என்று கூறுகிறவர், ஆண்டவர் உபாகமத்தில் வெளிப்படையாகக் கூறிய சித்தத்தை மறைத்துவிடுகிறார். ஆண்டவரின் சித்தம் கைப்பிடிச்சுவர் கட்டப்படவேண்டும் என்பதே. துயருறும் பெற்றோருக்கு ஆறுதல் சொல்லுதல் நம் கடமை. ஆனால் அந்த ஆறுதல், கட்டவேண்டியவர்களுக்குத் தரும் மன்னிப்புச் சீட்டாக மாறிவிடலாகாது.

முடிவுரை

நம் திருச்சபைகள் பெரும் கட்டடச் சொந்தக்காரர்கள். ஆலயங்கள், பள்ளிகள், விடுதிகள், மருத்துவமனைகள், கூட்டப் பந்தல்கள் எனப் பல்லாயிரம் பேர் கூடும் இடங்கள் நம் பொறுப்பில் உள்ளன. ஆகவே சேகரக் குழுக்களும் பள்ளி நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சிலவற்றை நேரில் சென்று பார்ப்பது தகும். ஆலயக் கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கின்றனவா? ஆராதனை நேரத்தில் பக்கவாயில்கள் பூட்டப்பட்டுள்ளனவா? விடுதியின் இரவுக் காவலர் சாவியோடு வெளியே சென்றால் பிள்ளைகள் எவ்வழியே வெளியேறுவர்? மாடி வரிசைகளின் தடுப்பு, ஒரு சிறுவன் சாய்ந்தால் தாங்குமா? கன்வென்ஷன் பந்தலின் மின்கம்பிகள் கீற்றைத் தொட்டுச் செல்கின்றனவா? கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் மூடப்பட்டுள்ளனவா?

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். காவலரோ, சமையற்பணியாளரோ, கோயிற்பிள்ளையோ 'ஐயா, இது ஆபத்தாக இருக்கிறது' என்று வந்து சொன்னால், அதனைக் கேட்டு, தேதியிட்டு நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதி, செலவுக்கு ஒதுக்கீடு செய்யும் வழக்கம் வேண்டும். விளக்கு வேண்டுமென்று கேட்ட கப்பல் தலைவர்களுக்குக் கிடைத்த விடையை நம் பணியாளர்களுக்கு நாம் கொடுக்கலாகாது. அவர்கள் சொன்ன நாள்முதல் அது நாமறிந்த முட்டுகிற மாடு.

புதிய ஆலயம் பிரதிஷ்டை செய்யப்படும் நாளில் பலிபீடத்துக்காகவும் பிரசங்கபீடத்துக்காகவும் ஜெபிக்கிறோம். படிக்கட்டையும் கைப்பிடிச்சுவரையும் பார்வையிட்டபின் அந்த ஜெபத்தை ஏறெடுப்பது, வீடு கட்டுகிறவனுக்குக் கட்டளை கொடுத்தவருக்கு உகந்ததாகும்.